தெரிந்த சொல்தான் காலை வாரும்: புதிதாக வந்தவர்களுக்கு அன்றாட ஆங்கிலம்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள், அப்படியே போயிருந்தேன். கையில் பட்டையைக் கட்டி, ஊசியை எடுத்துக்கொண்டே நர்ஸ் கேட்டார்: "யூ ஹாவ்ன்ட் ஈட்டன் எனிதிங்?" நான் பெருமையாக "யெஸ்" என்றேன். அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, பட்டையை அவிழ்த்து, வேறொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். என்ன தப்பு செய்தேன் என்று பேருந்து நிறுத்தம் வரைக்கும் புரியவில்லை.

"ஒண்ணும் சாப்பிடலையே?" என்று தமிழில் கேட்டால் "ஆமாம், சாப்பிடலை" என்போம். கேட்டவர் சொன்னது சரி என்று தலையாட்டுவதுதான் நம் "ஆமாம்". ஆங்கில யெஸ்ஸும் நோவும் கேள்வியின் பக்கமே திரும்பாது. சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ. கேள்வி எவ்வளவு வளைந்து வந்தாலும் அவ்வளவுதான் கணக்கு. அன்று நான் சொன்னதை அந்த நர்ஸ் "சாப்பிட்டேன்" என்று எடுத்துக்கொண்டார், அதில் அவர் மேல் குற்றமே இல்லை.

அதனால் முதல் பழக்கம்: யெஸ், நோ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். "நோ, ஐ ஹாவ்ன்ட் ஈட்டன்" என்று வினையையும் சேர்த்தே சொல்லுங்கள். யெஸ், நோவில் தடுமாறினாலும் பின்னால் வருகிற வாக்கியம் காப்பாற்றிவிடும். இதே குடும்பத்தில் இன்னொன்று, "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" நான் உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபனையா என்பது கேள்வி. தாராளமாக உட்காருங்கள் என்பதற்குப் பதில் "நோ", அல்லது "நாட் அட் ஆல்". நாம் சிரித்த முகத்தோடு "யெஸ், யெஸ்" என்போம், கேட்டவர் நின்றுகொண்டே இருப்பார்.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இதுதான். தெரியாத சொல்லுக்குப் பயப்பட வேண்டாம், அதை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற சொல்லைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அதை யாரும் அகராதியில் தேடுவதில்லை.

ஊரிலிருந்து கூடவே வந்த ஆங்கிலம்

"டவுட்" என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். நமக்குச் சந்தேகம் என்றால் இரண்டும்தான்: புரியாததைக் கேட்பதும் சந்தேகம், ஆளை நம்பாததும் சந்தேகம். வகுப்பில் "சார், ஒரு டவுட்" என்று கேட்டே வளர்ந்தோம். இங்கே மேலாளர் ஒரு திட்டத்தை விளக்கி முடித்ததும் "ஐ ஹாவ் எ டவுட்" என்றால், இது தேறாது என்று நீங்கள் நினைப்பதாக அவர் எடுத்துக்கொள்வார். கேட்க ஏதாவது இருந்தால் அது "க்வெஸ்சன்", அவ்வளவுதான்.

"நான் 2015-ல் பாஸ் அவுட் ஆனேன்" என்பதும் அப்படித்தான். பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. படித்து முடித்ததற்கு "கிராஜுவேட்டட்" அல்லது "ஃபினிஷ்ட்". "எக்ஸ்பயர்ட்" என்பது காலாவதி. பாஸ்போர்ட்டுக்கும் மருந்துக்கும் அதைச் சொல்லலாம், இறந்துபோன தாத்தாவுக்குச் சொல்ல முடியாது. அவருக்கு "பாஸ்ட் அவே". அவுட்டும் அவேயும் மாறிப்போனால் தாத்தா மயங்கி விழுந்ததாகிவிடும்.

"ஐ வில் ரிவர்ட்" என்று மின்னஞ்சலில் எழுதுகிறோம். ரிவர்ட் என்பதன் முதல் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது, பதில் அனுப்புவதற்கு "ரிப்ளை" அல்லது "கெட் பேக் டு யூ". "டூ த நீட்ஃபுல்" ஒரு காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே எழுதியதுதான். அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். "ப்ரீபோன்" நாம் புழங்கிப் பரப்பிய சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறிவிட்டது, ஆனாலும் தெற்காசியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. "ப்ரிங் ஃபார்வர்ட்" என்று சொல்லிவிடுங்கள். "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்றால் எந்த ரயில் நிலையத்துக்கு வெளியே என்று யோசிப்பார்கள். "அவுட் ஆஃப் டவுன்" அல்லது "அவே" போதும்.

பொருட்களின் பெயர்களைச் சட்டென்று பார்த்துவிடலாம். ஹோட்டல் என்றால் தங்குமிடம் மட்டும், சாப்பிடுகிற இடம் ரெஸ்டாரன்ட். கவர் கேட்டால் உறையோ மூடியோ வரும், பொருள் போட்டுக்கொள்ள வேண்டியது பேக். கரண்ட் போய்விட்டது என்றால் புரியாது, போவது "பவர்". ஜெராக்ஸ் ஒரு கம்பெனியின் பெயர், எடுப்பது ஃபோட்டோகாப்பி. பைக் என்றால் பெரும்பாலும் மிதிவண்டிதான் அவர்கள் மனதில் வரும். உங்களிடம் இருப்பது மோட்டார்பைக் என்றால் அதை முழுசாகச் சொல்லுங்கள். கசின் பிரதர் கிடையாது, ஆணோ பெண்ணோ வெறும் கசின். கோ-பிரதருக்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை. சகலையை "என் மனைவியின் அக்கா கணவர்" என்று நீட்டி முழக்கித்தான் ஆக வேண்டும், உறவுமுறையில் அந்த மொழி கொஞ்சம் ஏழை. ஸ்டெப்னி என்று மெக்கானிக்கிடம் கேட்டு நான் விழித்திருக்கிறேன். அது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்ற தெருவின் பெயரில் 1904 வாக்கில் வந்த மாற்றுச் சக்கரம். அங்கே பெயர் மறந்துபோய் "ஸ்பேர் வீல்" ஆகிவிட்டது, நம்மிடம் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பணம் பேசும்போது லட்சமும் கோடியும் வேண்டாம். "லேக்" என்றால் அவர்கள் காதில் ஏரி. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். காற்புள்ளி வைப்பதும் மாறும்: நாம் 10,00,000 என்று எழுதுவதை அவர்கள் 1,000,000 என்று எழுதுவார்கள். வங்கிப் படிவத்தில் நம் வழக்கப்படி எழுதினால் ஒரு சுழியம் குறைகிறதோ என்று இரண்டு பேரும் எண்ணிப் பார்க்க வேண்டிவரும்.

போடு, போட்டுக்கொடு, போட்டுத்தள்ளு

பள்ளியில் நாம் படித்த ஆங்கிலம் பெரிய சொற்களின் ஆங்கிலம். போஸ்ட்போன், டாலரேட், ரிஜெக்ட், கேன்சல், இன்வெஸ்டிகேட். இங்கே பேச்சில் அதெல்லாம் அபூர்வம். தள்ளிப்போடுவது "புட் ஆஃப்", பொறுத்துக்கொள்வது "புட் அப் வித்", மறுப்பது "டர்ன் டவுன்", ரத்து செய்வது "கால் ஆஃப்", விசாரிப்பது "லுக் இன்டு". பெரிய சொல் தெரிந்தவர் சின்னச் சொல்லில் மாட்டிக்கொள்கிற இடம் இது. புட் தெரியும், அப் தெரியும், வித் தெரியும். மூன்றும் சேர்ந்தால் பொறுமை என்று யார் கண்டது?

இது ஆங்கிலத்தின் கிறுக்குத்தனம் என்று எரிச்சல்படுவதற்கு முன் நம் மொழியைக் கொஞ்சம் பாருங்கள். "போடு" என்றால் என்னவென்று தமிழ் படிக்கிற ஒரு வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள், "கொடு"வும் சொல்லியாயிற்று. அப்புறம் அவர் "ஆபீசில் என்னைப் போட்டுக்கொடுத்துவிட்டான்" என்ற வாக்கியத்தைக் கேட்கிறார். எதைப் போட்டு, யாருக்குக் கொடுத்தான்? போட்டுத்தள்ளுவது, போட்டு வாங்குவது, போட்டுப் பார்ப்பது என்று அடுத்தடுத்து வந்தால் அவர் நிலைமை என்ன? நமக்கு அது குழந்தையிலிருந்து காதில் ஏறியது. அவர்களுக்கு புட்டும் கெட்டும் டேக்கும் அப்படித்தான் ஏறியிருக்கின்றன.

சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930-ல் 850 சொற்களை மட்டும் வைத்து ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைச்சொற்கள் மொத்தமே 18. கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், டேக் என்று எல்லாம் நமக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரிந்தவை. பதினெட்டை வைத்து எப்படிச் சமாளித்தார் என்றால், பக்கத்தில் அப், டவுன், இன், அவுட், ஆஃப் சேர்த்துத்தான். இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. புதிய சொல் எதுவும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இருப்பவை எப்படி ஜோடி சேர்கின்றன என்று கவனித்தால் போதும்.

ஆனால் பட்டியலாகப் போட்டுப் படித்தால் மண்டையில் நிற்காது. நான் இருபது இருபதாக எழுதி மனப்பாடம் செய்து, கெட் ஓவரும் கெட் ஓவர் வித்தும் கெட் ரவுண்ட் டுவும் கலந்துபோய்க் கைவிட்டவன். நடக்கிற இடத்தோடு சேர்த்துக் கற்றுக்கொள்வதுதான் எனக்குச் சரிப்பட்டது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை விடுவது "ட்ராப் ஆஃப்", கூட்டிவருவது "பிக் அப்". பார்சலை வைத்துவிட்டுப் போவதற்கும் போய் எடுப்பதற்கும் அதே ஜோடி. படிவத்தை நிரப்புவது "ஃபில் இன்", அமெரிக்காவில் "ஃபில் அவுட்". உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் படிவம் ஒன்றுதான். ஏதாவது தீர்ந்துபோனால் "ரன் அவுட்". கார் நடுவழியில் நின்றால் "பிரேக் டவுன்", மனிதர் உடைந்து அழுதாலும் அதுவே. குழந்தையைப் பார்த்துக்கொள்வது "லுக் ஆஃப்டர்", எதிர்பார்த்துக் காத்திருப்பது "லுக் ஃபார்வர்ட் டு", ஆவலோடு. தொலைபேசியில் "ஹேங் ஆன்" என்றால் கொஞ்சம் பொறுங்கள், "ஹேங் அப்" என்றால் வைத்துவிடுங்கள். இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு அலுவலகம் ஒன்றின் அழைப்பில் நாற்பது நிமிடம் காத்திருந்து, கடைசியில் அந்தப் பக்கம் ஆள் வந்து "ஹேங் ஆன்" என்றதும் இணைப்பைத் துண்டித்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இன்றுவரை நாங்கள் அதை விடவில்லை.

வா, வாங்க இல்லாத மொழி

நாம் மரியாதை தெரியாதவர்களா? கிடையாது. ஆனால் நம் ஆங்கிலம் அப்படிக் கேட்கும். தமிழில் மரியாதை வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அந்த ஃபார்ம் கொடுங்க" என்றால் அந்த "ங்க"விலேயே எல்லாம் முடிந்துவிடும். தயவுசெய்து என்றெல்லாம் சேர்த்தால் மைக்கில் அறிவிக்கிற மாதிரி இருக்கும். அதையே "கிவ் மீ த ஃபார்ம்" என்று மாற்றும்போது "ங்க" வழியிலேயே விழுந்துவிடுகிறது, கவுண்டரில் இருப்பவர் காதில் "ஃபார்மைக் கொடு" என்று விழுகிறது.

ஆங்கிலத்துக்கு வினையில் வால் இல்லை என்பதால் மரியாதையை முன்னால் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். "குட் ஐ ஹாவ் த ஃபார்ம், ப்ளீஸ்?" கேன் என்பதைவிட அதன் இறந்தகாலமான குட் பணிவு. "ஐ வான்ட்" என்பதைவிட "ஐ'ட் லைக்" பணிவு. "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்" என்று இறந்தகாலத்தில் தொடங்கினால் இன்னும் பணிவு. அவர்கள் காலத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி மரியாதை காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒருமையைப் பன்மையாக்கிக் காட்டுவதைவிட இது விசித்திரம் ஒன்றும் இல்லை.

புரியாதபோது கேட்கிற கேள்வியில் ஒரு கண்ணி இருக்கிறது. "வாட் டூ யூ மீன்?" என்று கேட்பது, குரலைப் பொறுத்து, "என்ன சொல்ல வர்றே நீ?" என்று சட்டையைப் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். சொல்லின் பொருள்தான் வேண்டும் என்றால் "சாரி, வாட் டஸ் தட் மீன்?" காதில் விழவில்லை என்றால் "சாரி?" என்று கேள்விக்குறியோடு ஒரு சொல் போதும். வெறும் "வாட்?" வேண்டாம்.

நலம் விசாரிப்பு இன்னொன்று. இங்கிலாந்தில் "யூ ஆல்ரைட்?" என்று கேட்பார்கள். முதல் மாதம் எனக்கு முகம் ஏதோ வாடியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அது வெறும் ஹலோ. ஆஸ்திரேலியாவில் "ஹவ் ஆர் யூ கோயிங்?" எதில் போகிறீர்கள் என்று கேட்கவில்லை, அதுவும் ஹலோதான். "சீ யூ லேட்டர்" என்றால் பிறகு வருகிறேன் என்று சொன்னதாக அர்த்தம் இல்லை, காத்திருக்காதீர்கள்.

நாடு மாறினால் சொல்லும் மாறும்

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் தரைத்தளம் "கிரவுண்ட் ஃப்ளோர்", அதற்கு மேலே "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்", நம் வழக்கம்தான். அமெரிக்காவில் தரைத்தளமே பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஃப்ளோர். நேர்முகத்துக்கு மூச்சிரைக்க மாடியேறிப் போய் நிற்காதீர்கள். பேண்ட்ஸ் அமெரிக்காவில் கால்சட்டை, இங்கிலாந்தில் உள்ளாடை. "உங்கள் பேண்ட்ஸ் நன்றாக இருக்கிறது" என்று அங்கே சக ஊழியரைப் பாராட்ட வேண்டாம். அழிப்பானை ரப்பர் என்று கேட்பது பிரிட்டனில் சரி, அமெரிக்காவில் ஆணுறை. கழிவறை அமெரிக்காவில் ரெஸ்ட்ரூம், கனடாவில் வாஷ்ரூம், பிரிட்டனில் டாய்லெட் அல்லது லூ. அன்றாடச் செலவுக்கான வங்கிக் கணக்கு பிரிட்டனில் கரண்ட் அக்கவுண்ட், அமெரிக்காவிலும் கனடாவிலும் செக்கிங் அக்கவுண்ட். வாடகை வீட்டுக்குக் கொடுக்கிற முன்பணம் பல இடங்களில் டெபாசிட், ஆஸ்திரேலியாவில் பாண்ட்.

கூட்டங்களில் "டேபிள்" என்ற சொல் வந்தால் யார் பேசுகிறார் என்று பாருங்கள். பிரிட்டிஷ்காரர் ஒரு விஷயத்தை டேபிள் செய்யச் சொன்னால் இப்போதே பேசுவோம் என்று பொருள், அமெரிக்கர் சொன்னால் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம் என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் வாதாடியதைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். தாய்மொழிக்காரர்களுக்கே அந்தக் கதி.

நேரமும் தேதியும்: இங்கிலாந்தில் "ஹாஃப் செவன்" என்றால் ஏழரை. ஜெர்மனியில் சில வருடம் இருந்துவிட்டு வருகிறவர்கள் இதில் தவறாமல் மாட்டுவார்கள், ஏனென்றால் அங்கே "பாதி ஏழு" என்பது ஆறரை. 03/04 அமெரிக்காவில் மார்ச் 4, பிரிட்டனில் ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் தொல்லையே இல்லை. "நெக்ஸ்ட் ஃப்ரைடே" என்று யாராவது சொன்னால் வருகிற வெள்ளியா அதற்கடுத்ததா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது, தேதியைக் கேட்டுவிடுங்கள்.

டாக்டரிடம்

இங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம். "எனக்கு சுகர் இருக்கு, பிபி இருக்கு" என்பதை அப்படியே சொல்லாதீர்கள். பிபி எல்லோருக்கும் இருக்கும். டயபடீஸ், ஹை பிளட் பிரஷர் என்று சொல்லுங்கள். லூஸ் மோஷன் என்றால் புரியாது, டயரியா. தலைசுற்றல் "டிஸி". "சிக்" என்ற சொல் அமெரிக்காவில் பொதுவாக உடம்பு சரியில்லை என்பது, பிரிட்டனில் "ஐ வாஸ் சிக்" என்றால் வாந்தி எடுத்தேன் என்று எடுத்துக்கொள்வார்கள். "சர்ஜரிக்கு வாருங்கள்" என்று பிரிட்டனில் சொன்னால் கலங்க வேண்டாம், குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கே அங்கே சர்ஜரி என்று பெயர். பரிசோதனை முடிவு "பாசிட்டிவ்" என்றால் சந்தோஷப்படாதீர்கள், தேடிய நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

வலி எப்படி இருக்கிறது என்று கட்டாயம் கேட்பார்கள். நம்மிடம் குத்துகிறது, குடைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுரீர் என்கிறது, எரிகிறது என்று எவ்வளவு இருக்கிறது! அங்கே போனதும் எல்லாம் "பெயின், பெயின்" என்று சுருங்கிவிடும். நாலு சொல் வைத்துக்கொள்ளுங்கள்: குத்தினால் "ஸ்டாபிங்", விண்விண் என்றால் "த்ராபிங்", எரிந்தால் "பர்னிங்", மந்தமாக நச்சரித்தால் "டல் ஏக்". டாக்டர் காரணத்தைத் தேடுவது இந்த வேறுபாட்டை வைத்தும்தான்.

மருந்தில் ஒன்று. பாராசிட்டமால் என்பதும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சொல்கிற அசிட்டமினோஃபென் என்பதும் ஒரே மருந்து. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையையும் இங்கே வாங்கிய மாத்திரையையும் வேறு வேறு என்று நினைத்துச் சேர்த்துப் போட்டால் அளவு கூடி ஈரலைப் பாதிக்கும். சளி மருந்துகள் பலவற்றிலும் இது கலந்திருக்கும், பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

பெயர் என்ன?

கடைசியாக, நம் சொந்தப் பெயர். சர்நேம், லாஸ்ட் நேம், ஃபேமிலி நேம் மூன்றும் ஒன்றே. கிவன் நேம், ஃபர்ஸ்ட் நேம் இரண்டும் ஒன்றே. நமக்குத்தான் குடும்பப் பெயர் இல்லையே, முன்னெழுத்துத்தானே? படிவத்துக்கு அது தெரியாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைச் சர்நேமாகப் போட்டு, முதல் பெயருக்கு எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்பா பெயர் சர்நேமாகிவிட்டால் மருத்துவமனையில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், காது கொடுத்து உட்காருங்கள். எந்த வரிசையில் முதல் படிவத்தில் எழுதினீர்களோ அதே வரிசையில், அதே எழுத்துகளோடு வங்கி, வாடகை, வேலை என எல்லாவற்றிலும் எழுதுங்கள்.

தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டிவரும். பி, டி, வி, ஈ எல்லாம் அந்தப் பக்கம் ஒரே மாதிரிக் கேட்கும். விமானிகள் 1956 முதல் சொல்லிவரும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா வரிசை இதற்கென்றே இருப்பது. இருபத்தாறும் வேண்டாம், உங்கள் பெயரில் வருகிற எழுத்துகளுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தொலைபேசி பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கடைசி எழுத்து அமெரிக்காவில் ஸீ, மற்ற இடங்களில் பெரும்பாலும் ஸெட். பெயரில் ழ இருப்பவர்களுக்கு அந்த ஸெட் வரும்போது மறுமுனையில் ஒரு சின்ன மௌனம் விழும். அவசரப்படாமல் அடுத்த எழுத்தான ஹெச்சைச் சொல்லிவிடுங்கள், ஹோட்டல் என்று. அது தங்குமிடம்தான், பரவாயில்லை.